பத்திரம் பேங்குக்குப் போனால் வீடு போகாது

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு குடும்பத்துக்குப் பண முடை வந்தால் முதலில் கம்மல் போகும், அடுத்து செயின், அதற்கப்புறம் மூன்று வட்டிக் கடன். வீட்டுப் பத்திரம் மட்டும் பீரோவை விட்டு அசையாது. "பத்திரத்தை பேங்க்ல வெச்சா வீடு போச்சு, மானமும் போச்சு" என்று பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகளும் நம்புகிறார்கள். எத்தனையோ வீடுகள் கைமாறிப் போக இந்த நம்பிக்கையே காரணம்.

இரண்டு லட்சம் ரூபாய்க்கு மூன்று வட்டி என்றால் மாதம் 6,000. ஐந்து வருடம் கட்டினாலும் அசல் அப்படியே நிற்கும். அதே தொகையை 12 சதவீதத்துக்கு வங்கியில் வாங்கினால் மாதம் ஏறக்குறைய 4,450. அறுபதாவது மாதம் அசலும் வட்டியும் சேர்ந்து முடிந்துவிடும். வீட்டுக்கடனுக்காகப் பத்திரம் ஏற்கெனவே வங்கியில் இருந்தாலும், இருபது லட்சம் பெறும் வீட்டில் பாக்கி ஐந்து லட்சம் என்றால், மீதிப் பதினைந்து லட்சம் உங்கள் உழைப்பு. அதைத் தொடுவது பாவம் என்று சொல்லித்தானே மாதம் 6,000 அழுகிறோம்?

மானத்துக்குப் பயந்தவர் ஊருக்குத் தெரியாமல் கடன் தேடுகிறார். கொடுப்பவர் அடமானம் என்று எழுதுவதில்லை. கிரயமாகவோ பவராகவோ எழுதி வாங்கிக்கொள்கிறார். "பணத்தைக் கொடுத்தா திருப்பி எழுதித் தர்றேன்" என்பது வாய்வார்த்தை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நிபந்தனைக் கிரயம் அடமானமாகக் கருதப்பட அந்த நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் விற்றது விற்றதுதான். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சுத்தக் கிரயத்தில் கையெழுத்துப் போட்டவர் அதைக் கடன் என்று நிரூபிக்க வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்.

வங்கி ஏலம் விடாதா? விடும். ஆனால் தவணை தொண்ணூறு நாள் தவறி, கணக்கு வாராக்கடனாகி, 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறுபது நாள் நோட்டீஸ் வந்த பிறகே வீட்டில் கை வைக்க முடியும். அதை எதிர்த்துக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். கிரயம் எழுதிக் கொடுத்தவருக்கு இதில் எதுவும் கிடையாது.

அதற்காக, செஞ்சி சாலையில் மனை விலை ஏறிவிட்டது என்று கடன் வாங்கிக் கல்யாணப் பந்தலில் கொட்டச் சொல்லவில்லை. ஏறிய விலை தவணை கட்டாது. மல்லாட்டைக் காசு அறுவடைக்குத்தான் வரும். தவணையோ மாதாமாதம் வரும். சம்பளமோ பால் காசோ மாதம் தவறாமல் வருகிற வீடுதான் இதில் இறங்கலாம். அதுவும் கிணறு, படிப்பு, வைத்தியம், அல்லது மூன்று வட்டிக் கடனை அடைக்க.

நத்தம் வீடுகளில் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கிடந்தால் வங்கி தயங்கும். முடை வருவதற்கு முன்பே பட்டாவை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கடன் முடிந்த முப்பது நாளுக்குள் வங்கி பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ரிசர்வ் வங்கி 2023-இல் போட்ட உத்தரவு இது. பத்திரத்தை வாங்குவதோடு அடமான ரத்தையும் பதிவு செய்யச் சொல்லி, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.