டயாலிசிஸ் முடிந்த ராத்திரியில் கால்கள் ஏன் தூங்குவதில்லை?

ஓசூரில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு எரிந்தால் யாரும் ஆச்சர்யப்பட மாட்டார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர் வீட்டில் எரியும் விளக்குக்குக் காரணமே வேறு. படுத்ததும் கெண்டைக்காலுக்குள் எறும்பு ஊர்வதுபோல ஒரு குடைச்சல். எழுந்து நாலு எட்டு நடந்தால் அடங்கும், படுத்தால் மறுபடி ஆரம்பிக்கும்.

“என்னங்க, திரும்பவும் எழுந்துட்டீங்களா?”

“ஒண்ணுமில்ல, நீ தூங்கு.”

அந்த ‘ஒண்ணுமில்ல’தான் சிக்கல். கிரியாட்டினின், பொட்டாசியம், எடை என்று பேசுவதிலேயே நேரம் போய்விடுவதால், டாக்டரிடமும் பலர் இதைச் சொல்வதில்லை.

இதற்கு ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம்’ என்று பெயர். 1945-லேயே ஸ்வீடன் நரம்பியல் மருத்துவர் எக்பாம் இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் இது சகஜம். இரும்புச்சத்துக் குறைவு இதைக் கிளறிவிடும் என்பதால், ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். மருந்தும் உண்டு. ஆனால், பக்கத்து வீட்டுக்காரர் கால் வலிக்குச் சாப்பிடும் காபாபென்டினை வாங்கிப் போட்டுவிடக் கூடாது. அது சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து. இவர்களுக்கு அளவு மிகக் குறைவு.

அடுத்தது குறட்டை. உப்பு கூடினால் தாகம், தாகம் கூடினால் தண்ணீர். பகலில் காலில் தேங்கும் அந்த நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறி மூச்சுப்பாதையை நெருக்குகிறது. மூச்சு நின்று நின்று வருகிறது. கனடாவின் டொரன்டோவில் 14 பேருக்கு, பகல் டயாலிசிஸை விட்டு வீட்டிலேயே இரவு முழுக்க டயாலிசிஸ் செய்து பார்த்தார்கள். மணிக்குச் சராசரியாக 25 முறை தடைபட்ட மூச்சு 8 ஆகக் குறைந்தது. 2001-ல் வெளியான ஆய்வு இது. நம் ஊரில் அந்த வசதி எட்டாக்கனி என்றாலும், ஊறுகாயைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

இந்த நிலையில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை ஆபத்து. அது மூச்சை இன்னும் மந்தமாக்கலாம். டிரசோடோன் என்ற மருந்தைத் தூக்கம் வராத டயாலிசிஸ் நோயாளிகளிடம் அமெரிக்காவில் சோதித்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்கள் நன்றாகத் தூங்கிவிடவில்லை. 2024-ல் வந்த முடிவு இது.

அஞ்செட்டி, தளி பக்கமிருந்து முதல் ஷிப்ட் டயாலிசிஸுக்கு வருபவர் விடியும் முன்பே எழ வேண்டும். நான்கு மணி நேரம் படுக்கையிலேயே கண் அசருவார். பிறகு ராத்திரி தூக்கம் எப்படி வரும்? முடிந்தால் ஷிப்ட் நேரத்தை மாற்றிக் கேட்கலாம்.

2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான பைகளைத் தருவதும் அத்திட்டத்தில் உண்டு. அதிலும் தூக்கப் பிரச்னை வராமல் இல்லை, அலைச்சல் மிச்சம். எல்லோருக்கும் அது பொருந்துமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேலை. அவர் தூங்கும்போது குறட்டை நின்று, திணறி மறுபடி தொடங்குகிறதா? ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்து, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள்.