கொன்றவர் பெயர் தாங்கிய கல்

வட இந்தியக் கல்விச் சுற்றுலா என்றதும் ஆக்ராவும் பதேப்பூர் சிக்ரியும் நம் பட்டியலில் தவறாமல் இடம்பெறுகின்றன. சிக்ரியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், இராசத்தான் எல்லைக்குள் உள்ள பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்கு மட்டும் நம் பேருந்துகள் திரும்புவதில்லை. தாஜ்மகாலைக் கண்ட கண்கள் அங்குள்ள கற்பலகை ஒன்றையும் காண வேண்டும் என்பது நம் கருத்து.

சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இப்பூங்காவின் நீர்நிலைகள் பெரும்பாலும் மனிதர் சமைத்தவை. பள்ளமாகக் கிடந்த நிலத்துக்கு அஜான் அணையின் நீரைத் திருப்பி, கரைகளும் மதகுகளும் அமைத்து, வாத்து வேட்டைக்காகப் பரத்பூர் அரசர்கள் இதனை உருவாக்கினர். இன்று பறவை காண்போர் நடந்து செல்லும் பாதைகளுட் பல அக்கரைகளின் மீதே செல்கின்றன.

அப்பாதையில் கேவலாதேவ் கோயிலருகே வேட்டைக் கணக்கு பொறித்த கற்பலகைகள் நிற்கின்றன. வேட்டை நடந்த நாள், வந்த பெருமக்களின் பெயர், வீழ்ந்த பறவைகளின் தொகை ஆகியன அவற்றில் வரிசையாக உள்ளன. 1938இல் வைசிராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் வீழ்ந்தவை 4,273 பறவைகள்! நம் முன்னோர் நடுகல் எடுத்தது களத்தில் மாண்டவனுக்கு. இங்கோ கொன்றவர்க்குக் கல் எடுத்திருக்கின்றனர். ஆயினும் அக்கல் அங்கேயே நிற்கட்டும். அதனினும் வலிய சான்று வேறில்லை.

விடுதலைக்குப் பின் இந்நிலத்தை வயலாக்கும் எண்ணம் எழுந்தபோது அதனை எதிர்த்து நின்றவர் பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896-1987). நம் சமுதாயம் இவர் பெயரைப் பெருமையுடன் கூறுகிறது. இவர் நூல்களைத்தான் வாங்குவதில்லை.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் மறைத்தல் ஆகாது. 1982இல் இது தேசியப் பூங்காவானபின் கால்நடை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்த கிராம மக்கள் கிளர்ந்தெழுந்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மேய்ச்சல் பறவைகட்குக் கேடு என்பதே அந்நாளில் சாலிம் அலி உள்ளிட்ட அறிஞர்களின் கருத்தாக இருந்தது. ஆனால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பின்னர் நிகழ்த்திய நெடிய ஆய்வு மாறான முடிவைத் தந்தது: எருமைகள் இல்லாத நீர்நிலையில் புல் மண்டித் தூர்ந்தது, நீர்ப்பறவைகள் அதனால் இடரடைந்தன. எருமைக்கும் பறவைக்கும் இருந்த உறவை, படித்தவர்களைவிட அம்மேய்ப்பர்கள் நன்கு அறிந்திருந்தனர் போலும்.

வைசிராய்க்குக் கல் உண்டெனில், அங்கு மாண்ட எளியவர்க்கும் ஒரு கல் வேண்டும். வேட்டைக் கணக்கின் அருகிலேயே, அதே உயரத்தில், அவர்தம் பெயர்களுடன் பூங்கா நிருவாகம் அதனை நிறுவ வேண்டும். இயற்கையைக் காத்தல் அமானிதம் என்போர், அயலாரின் உரிமையைக் காத்தலும் அமானிதமே என்பதை அறியாதவரல்லர்.

2002ஆம் ஆண்டுக்குப் பின் சைபீரியக் கொக்குகள் அங்கு வருவதில்லை. ஆனால் நீருள்ள ஆண்டுகளில் நாரைகளும் வாத்துகளும் திரண்டு வருகின்றன. அங்கே வழிகாட்டுவோர் பறவைகளைப் பெயர் சொல்லி இனங்காட்ட வல்ல ரிக்‌ஷா ஓட்டுநர்கள். அடுத்த சுற்றுலாவில் அவர்களோடு அரைநாள் செல்லும் மாணவர்கள், பறவைகளைப் பற்றி மட்டுமன்றி 1982ஐப் பற்றியும் கேட்டு வருவார்களாக.