தறிவீட்டுப் பிள்ளைக்கு ஒரு காப்பகம்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பொருள்: ஆரணி நெசவுத் தெருக்களில் குழந்தைகள் காப்பகம்

ஆரணிப் பட்டு பெரும்பாலும் வீட்டுக்குள் உருவாகும் சரக்கு. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி நகரிலும், சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற சுற்றூர்களிலும் வீட்டுக் கூடமே தறிக்கூடம். புவிசார் குறியீடு பெற்ற சேலை நெய்யப்படும் அதே கூடத்தை ஒட்டித்தான் அடுப்பு எரிகிறது. பிள்ளையும் அங்கேதான் தவழ்கிறது. தறிக்குழிக்கு மேல் பாவு நீண்டு கிடக்கும். இரண்டு முழம் தள்ளி உத்தரத்தில் தூளி தொங்கும். பிள்ளை தூங்கும் வரை தறி ஓடும். விழித்துக்கொண்டால் தறி நிற்கும். நெசவுக் குடும்பத்தின் வருமானத்தையும், நெசவுக்குக் கொடுக்கும் முதலாளியின் கணக்கையும் இந்த நிறுத்தம் எப்படித் தொடுகிறது, அதற்கு என்ன வழி என்பதே இம்மடலின் செய்தி.

பட்டு நெசவில் பெண்ணின் பங்கு பெரியது. ராட்டையில் தார் சுற்றுவது, தீர்ந்த பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பது, கோர்வைச் சேலையில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவை ஓட்டித் தருவது, தானே குழியில் இறங்கி நெய்வது என்று வேலை நாள் முழுக்க நீளும். 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காம் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலில் உள்ளோர் 35.22 லட்சம் பேர், அவர்களில் 25.46 லட்சம் பேர் பெண்கள். அதாவது பத்தில் ஏழுக்கும் மேல். ஆனால் கூலி பெரும்பாலும் சேலைக்குத்தான், மணிக்கணக்குக்கு இல்லை. ஆகவே பிள்ளைக்காக எழுந்து போகும் நேரம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. சேலை தாமதமாக முடிந்தால் ‘கை மெதுவு’ என்ற பெயர்தான் மிஞ்சும்.

அந்த எழுந்து போகும் நேரம் சிறியது இல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகக் கண்டது. பிள்ளைகளையும் முதியோரையும் கவனிக்கும் வேலை இதில் சேராது. அதில் ஈடுபடும் பெண்களுக்கு அது தனியாக 134 நிமிடம், ஆண்களுக்கு 76 நிமிடம். தறி வீட்டில் இந்த நேரம் மொத்தமாக ஒரே வேளையில் போவதில்லை; ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று துண்டு துண்டாகப் போகிறது. குழியிலிருந்து ஏறிப் பிள்ளையைத் தூக்கி, பால் கொடுத்து, கை கழுவித் துடைத்து மீண்டும் இறங்க வேண்டும். ஈரக் கையோ எண்ணெய்க் கையோ பட்டில் படக் கூடாது. நிறுத்திய இடத்தில் திரும்பத் தொடங்கும்போது அடியின் அழுத்தம் மாறினால் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும். சேலையை மடி பிரித்து வெளிச்சத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் தெரிவது அந்தக் கோடுதான். பழுதுக்குக் கூலியில் பிடித்தம் வரும். தவழும் பிள்ளைக்கோ குழியும் ஓர் ஆபத்து, மிதிக்கட்டையும் ஓர் ஆபத்து.

நட்டத்தை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சேலைக்கு 96 மணி நேர நெசவு என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு எட்டு மணி நேரம் நெய்பவருக்கு அது 12 நாள் வேலை. பிள்ளையைப் பார்க்க இரண்டு மணி நேரம் போய்விட்டால் அதே சேலைக்கு 16 நாள் ஆகும். 48 வேலை நாளில் நான்கு சேலை முடிய வேண்டிய தறியில் மூன்றுதான் முடியும். குடும்பத்துக்கு ஒரு சேலைக் கூலி நட்டம். அதை ஈடுகட்ட, பிள்ளை தூங்கிய பின் இரவில் தறி ஓடுகிறது. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 300 யூனிட் மின்சாரத்தை அரசு இலவசமாகத் தருகிறது. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில் அந்த வெளிச்சம் தாயின் தூக்கத்தைத்தான் தின்கிறது.

இதே கணக்கு முதலாளிக்கும் பொருந்தும். பட்டும் ஜரிகையும் நெசவுக்குக் கொடுக்கும் மாஸ்டர் வீவரோ கூட்டுறவு சங்கமோ முன்பணம் போட்டுக் கொடுத்தவை. சேலையின் அடக்க விலையில் பெரும் பங்கு அவற்றுக்கே. 12 நாளில் திரும்ப வேண்டிய முதல் 16 நாள் தறியில் கிடந்தால் நான்கு நாள் வட்டி கூடும். முகூர்த்த மாதங்களுக்கும் தீபாவளிக்கும் ஒப்புக்கொண்ட சரக்கு தவணைக்கு வராவிட்டால், கடைக்காரர் அடுத்த முறை வேறு ஊருக்குப் போவார். இவற்றைவிடப் பெரியது ஆள் இழப்பு. பட்டில் கை தேற ஆண்டுகள் ஆகும். தேறிய பெண் பிள்ளைப்பேற்றுக்குப் பின் மூன்று நான்கு ஆண்டுகள் தறியை விட்டு விலகினால் பலர் திரும்புவதில்லை. அப்படிப் போன ஒரு கையை ஈடு செய்யப் புதிய ஒருவரைப் பழக்க வேண்டும். பழகும் காலத்தில் வீணாகும் பட்டும் முதலாளி கணக்கில்தான் ஏறும். பிள்ளைப்பேறு பெண்ணின் வருமானப் பாதையை எப்படித் திருப்பிவிடுகிறது என்பது, 2023ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டினின் ஆய்வுகளில் முக்கியமான இழை. அவர் ஆராய்ந்தது அமெரிக்கப் பெண்களை. ஆரணித் தறியில் அதே திருப்பம் கூலிக் கணக்கில் தெரிகிறது.

சட்டம் இந்தத் தேவையை அறியாதது இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017இல் வந்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை பிள்ளையைப் போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 50 என்ற எண்ணையே வைத்திருக்கிறது. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையின் பெரிய ஆலைகள் இந்த எண்ணுக்குள் அடங்கும். நெசவுத் தெரு அடங்காது. ஒரே முதலாளியிடம் பாவு வாங்கும் 60 வீடு இருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அவை 60 தனித் தொழிலகங்கள். எந்தக் கூரையின் கீழும் 50 பேர் இல்லை. ஆகவே எவருக்கும் கடமை இல்லை. சட்டம் தேடும் தொழிற்சாலை ஆரணியில் ஒரு தெருவாக நீண்டு கிடக்கிறது.

அரசின் ஏற்பாடுகளிலும் ஓர் இடைவெளி உண்டு. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை முதல் தேதி தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு மதிய உணவு தந்தது. இன்று மாநிலத்தில் 54,439 அங்கன்வாடிகள் உள்ளன. இரண்டு வயதிலிருந்து சாப்பாடும், முன்பருவக் கல்வியும் அங்கே கிடைக்கின்றன. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான பிள்ளைக்கோ சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்கு வருகிறது. பார்த்துக்கொள்ளும் ஆள் வருவதில்லை. தறி அதிகம் நிற்பது இந்த வயதில்தான். தாய் நெய்ய உட்கார்ந்தால் தம்பியைப் பார்க்க அக்காள் பள்ளிக்கு முழுக்குப் போடும் வீடுகளும் உண்டு. அந்த நட்டம் பத்து ஆண்டு கழித்து அவள் வருமானத்தில் தெரியும்.

இடைவெளியை நிரப்ப ஒரு திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. ஒன்றிய அரசின் மிஷன் சக்தியின் கீழ் 2022இல் வந்த ‘பால்னா’, அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்த இடம் தருகிறது. பால்னா என்ற இந்திச் சொல்லுக்குத் தொட்டில் என்று பொருள். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம், ஒரு காப்பகத்துக்கு 25 பிள்ளைகள், ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்பது அதன் அளவு. செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்று பகிர்கின்றன.

காப்பகம் என்று பலகை மாட்டுவது மட்டும் போதாது. பலன் அதன் தரத்தைப் பொறுத்தது. இதற்கு நல்ல சான்று தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. அலெஹாந்த்ரோ கனிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் இங்குள்ள 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். பாதி மையங்களுக்குக் கூடுதலாக ஒரு பகுதிநேரப் பணியாளர் தரப்பட்டார். முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டித்தது. ஒன்றரை ஆண்டில் பிள்ளைகளின் கணக்கும் மொழியும் தெளிவாக முன்னேறின. வளர்ச்சி குன்றலும் கடுமையான ஊட்டக் குறைவும் குறைந்தன. பிற்கால வருமானத்தையும் சேர்த்துப் பார்த்தால் செலவைப் போல் 13 முதல் 21 மடங்கு பலன் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். மறுபக்கத்துக்கும் ஒரு பாடம் உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் நாளுக்கு 5 டாலர் கட்டணத்தில் காப்பகங்களைத் தொடங்கியபோது வேலைக்குப் போகும் தாய்மார் பெருகினார்கள். ஆனால் காப்பகங்கள் வேகமாகப் பெருகிய அளவுக்குத் தரம் ஒரே சீராக இல்லை. பிள்ளைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாக ஆய்வாளர் சிலர் பதிவு செய்தார்கள். கைக்குழந்தைக்குத் தினம் ஒரே முகம் வேண்டும். தூங்க இடமும் சூடான சோறும் சுத்தமான தரையும் வேண்டும். சம்பளம் குறைவென்று பணியாளர் ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறினால் இவற்றில் முதலாவது போய்விடும். நம்பி விட முடியாத இடத்தில் தாய் பிள்ளையை விடமாட்டாள். விட்டாலும் கை தறியிலும் மனம் அங்கேயும் இருக்கும்.

வீட்டுத் தொழிலாளருக்கென்றே காப்பகம் நடத்திய அனுபவமும் நாட்டில் உண்டு. எலா பட் 1972இல் அகமதாபாத்தில் தொடங்கிய சேவா அமைப்பு, 1986இல் சங்கினி என்ற குழந்தைக் காப்பகக் கூட்டுறவை உருவாக்கியது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களே அதன் பங்குதாரர்கள். காப்பகம் திறக்கும் நேரம் தாய்மாரின் வேலை நேரத்தைப் பார்த்து அமைந்தது. கூட்டுறவு ஆரணிக்குப் புதிய சொல் இல்லை. நெசவாளர் சங்கங்களுக்கு உறுப்பினர் பட்டியலும் கணக்கு எழுதும் பழக்கமும் ஏற்கெனவே இருக்கின்றன.

இவற்றிலிருந்து மாவட்ட நிர்வாகம் எடுக்கக்கூடிய நடவடிக்கைகள் தெளிவாகின்றன. முதலாவது, தெருவாரியான கணக்கு. அங்கன்வாடிப் பணியாளரிடம் பிறந்த பிள்ளைகளின் பதிவேடு உண்டு, சங்கத்திடம் தறிகளின் பட்டியல் உண்டு. இரண்டையும் ஒன்றாக வைத்தால் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையுள்ள தறி வீடுகள் எந்தத் தெருவில் எத்தனை என்று தெரிந்துவிடும். இரண்டாவது, இடம். காப்பகம் நடந்து போகும் தூரத்தில், பால் கொடுக்கத் தாய் வந்து திரும்பும் தூரத்தில் இருக்க வேண்டும். ஊருக்கு ஒரு பெரிய கட்டடத்தைவிட நெசவுத் தெருவுக்கு ஓர் அறை பயன்படும். மூன்றாவது, நேரம். தறி காலையில் தொடங்குவதிலிருந்து மாலை வரை காப்பகம் திறந்திருக்க வேண்டும். நான்காவது, ஆள். கைக்குழந்தைகள் அதிகமுள்ள இடத்தில் 25 பிள்ளைகளுக்கு இரண்டு பேர் போதாது. மூன்றாமவரைச் சேர்க்க வேண்டும். அந்தத் தெருப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து அமர்த்தினால் அதுவும் ஒரு வருமானம்.

ஐந்தாவது, பணம். காப்பகத்தின் பலன் குடும்பத்துக்கும் முதலாளிக்கும் அரசுக்கும் பிரிந்து போகிறது; செலவும் அப்படியே பிரிவதுதான் நியாயம். பால்னாவின் நிதி அடிப்படைச் செலவைத் தாங்கலாம். மூன்றாம் பணியாளரின் சம்பளத்தையும் கூடுதல் நேரத்தின் செலவையும் சங்கங்களும் மாஸ்டர் வீவர்களும் சேலைக்கு ஒரு சிறு தொகை என்ற கணக்கில் ஏற்கலாம். முன்னே போட்ட கணக்கில், நான்கு நாள் முன்னதாகத் திரும்பும் முதலும் நின்றுபோகும் பழுதும் அந்தத் தொகைக்கு எதிரே நிற்கும். தாய்மாரிடம் கட்டணம் வாங்குவதானால் அது தார் சுற்றும் பெண்ணுக்கும் கட்டுப்படியாக வேண்டும்.

கடைசியாக, பலனை அளக்கும் வழி. இதற்கென்று புதிய ஆய்வுக் குழு தேவையில்லை. எந்தத் தறிக்கு எந்தத் தேதியில் பாவு போனது, எந்தத் தேதியில் சேலை வந்தது, பழுதுக்கு எவ்வளவு பிடித்தது என்பதைப் பாவு கொடுப்பவர் ஏற்கெனவே எழுதி வைக்கிறார். மாதந்தோறும் பிள்ளையின் எடையை அங்கன்வாடி எழுதி வைக்கிறது. இரண்டு தெருக்களில் காப்பகம் தொடங்கி, ஓர் ஆண்டு கழித்து இந்த இரண்டு பதிவேடுகளையும் முந்தைய ஆண்டின் பக்கங்களோடு ஒப்பிட்டால், சேலைக்கு எத்தனை நாள் குறைந்தது, பிள்ளைக்கு எத்தனை கிலோ கூடியது என்று தெரியும். மூன்றாவது தெருவுக்கு வேண்டிய முடிவை அந்தப் பக்கங்களே சொல்லிவிடும்.

இப்படிக்கு,
ஆரணி நெசவுத் தெருவாசி ஒருவர்