பெருமாளின் மருமகன்

சீசர் வீனஸ் தேவியின் வழித்தோன்றலாம்! பிரிட்டனின் முதல் அரசன் டிராய் வழிவந்த புரூட்டஸாம்! 12-ஆம் நூற்றாண்டில் மான்மத் ஊர் ஜெப்ரி எழுதிவைத்த கதை இது. கேட்டு நகைக்கிறோம்.

திருப்பூணித்துறை ஹில் பாலஸுக்குள் நுழைந்ததும் அந்த நகைப்பு எங்கே போகிறது? கொச்சி அரச குடும்பம் சேரமான் பெருமாளின் சகோதரி வழி வந்தது என்பது மரபு. அந்தப் பெருமாளோ பெரியபுராணத்தில் குதிரையேறிக் கயிலை செல்கிறார். கேரளோற்பத்தியில் நாட்டைப் பங்கிட்டு மக்கா செல்கிறார்!

ஆனாலும் கதையைத் தூக்கி எறியாதீர்கள். மகன் வழி என்னாமல் சகோதரி வழி என்றது ஏன்? கொச்சியில் அரசுரிமை மருமக்கள் தாயம். பெருமாளைப் பற்றி அல்ல, வாரிசு முறையைப் பற்றியே இக்கதை சாட்சி சொல்கிறது.

திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் குலத்தைச் சூரியனிலிருந்து தொடங்குகிறதே, அங்கே மட்டும் நாம் கைதட்டலாமா?