அகதிப் பிள்ளை பந்து போட்டால் கூடையில் விழாதா?

உலகத்திலேயே உயரமான வலைப்பந்து வீராங்கனை யார் தெரியுமா? ஒரு தமிழச்சி!

பெயர் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர். 1979-ல் பிறந்தவர். உயரம் 6 அடி 10 அங்குலம். நம்ம ஊர் வீட்டு வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டும்.

வலைப்பந்து என்பது கூடைப்பந்துக்குத் தங்கச்சி மாதிரி. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடக்கூடாது. கம்பத்து வளையத்தில் போட வேண்டும். 

குண்டு விழுந்த மண்ணில் வளர்ந்த இந்தப் பெண், இலங்கை அணிக்கு ஆசியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். 2018-ல் ஒரு தடவை. 2022-ல் இன்னொரு தடவை. 2019 உலகக் கோப்பையில் அதிக கோல் போட்டவரும் இவரே. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் கிளப்புக்கும் போய் ஆடினார்.

சரி, இதை ஏன் திருநெல்வேலியில் எழுத வேண்டும்?

காரணம் இருக்கிறது.

நம்ம ஊர் முகாம்கள்

1983 கலவரத்துக்குப் பிறகு தர்ஜினியின் ஊர்ப்பக்கத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் படகு ஏறினார்கள். ராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களில் கொஞ்சம் பேர் பெருமாள்புரத்திலும், கோபாலசமுத்திரத்திலும், சமூகரெங்கபுரத்திலும் குடிவைக்கப்பட்டார்கள். இன்றைக்கும் இருக்கிறார்கள்.

2021-ல் சட்டசபையில் சொன்ன கணக்குப்படி தமிழ்நாட்டில் 108 முகாம்கள். அதில் 58 ஆயிரத்து 822 பேர்.

இவர்களில் பாதிப் பேருக்கு இலங்கை எந்தத் திசை என்று கேட்டால் அப்பா சொன்ன கதைதான் தெரியும். பிறந்தது இங்கே. குடித்தது தாமிரபரணித் தண்ணீர். பேசுவது "ஏலே, வாலே" பாஷை.

அக்கரையிலேயே இருந்த தர்ஜினிக்கு ஒரு நாட்டின் பனியன் கிடைத்தது. இக்கரைக்கு வந்தவர் பேத்தி அதே உயரம் வளர்ந்தாலும் எந்த நாட்டின் பனியனும் கிடையாது. பாளையங்கோட்டை மைதானத்தில் எத்தனை கூடை போட்டாலும் சரி, இந்திய அணியில் ஆட முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால்தான் இந்திய அணி என்று 2008-லேயே மத்திய அரசு முடிவு எடுத்துவிட்டது.

பாஸ்போர்ட் செய்த வேலை

லுவோல் டெங் என்று ஒருவர். சூடான் நாட்டில் வாவ் என்ற ஊரில் 1985-ல் பிறந்தார். உள்நாட்டுப் போர். குடும்பம் எகிப்துக்கு ஓடியது. அங்கே பையனுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுத்தவர் மனுட் போல். அவரும் சூடான்காரர்தான். 7 அடி 7 அங்குலம்!

பிறகு இங்கிலாந்து அடைக்கலம் கொடுத்தது. பையன் லண்டனில் வளர்ந்தான். 14 வயதில் அமெரிக்கா போய்ப் படித்தான். 2004-ல் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் 7-வது ஆளாகத் தேர்வானான். சிகாகோ அணியில் சுமார் பத்து வருஷம் ஆட்டம். 2012, 2013 இரண்டு வருஷமும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு.

இங்கேதான் கவனிக்க வேண்டும். 2006-ல் இங்கிலாந்து அவருக்குக் குடியுரிமை கொடுத்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அந்த அகதிப் பையன் இங்கிலாந்துக் கொடிக்காக ஆடினார். கொடுத்ததால் இங்கிலாந்துக்கு நஷ்டமா? லாபம்தானே!

கதை அதோடு முடியவில்லை. தெற்கு சூடான் தனி நாடானது. 2019-ல் அந்த நாட்டுக் கூடைப்பந்து சம்மேளனத்துக்கு டெங் தலைவரானார். கைக்காசு போட்டு அணியைக் கட்டினார். 2024 ஜூலையில் அமெரிக்காவோடு பயிற்சி ஆட்டம். 101-100. ஒரே ஒரு பாயிண்டில் அமெரிக்கா தப்பித்தது! பாரீஸ் ஒலிம்பிக்கில் போர்ட்டோ ரிக்கோவை 90-79 என்று சாய்த்தது தெற்கு சூடான்.

டீக்கடைக் கேள்வி

"நம்ம பயலுவளுக்கே சான்ஸ் இல்லே. முகாம் பயலுக்கு எங்கே கொடுக்க?" என்று டீக்கடையில் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் யாரும் இடஒதுக்கீடு கேட்கவில்லை. செலக்‌ஷனுக்கு வந்து நிற்கும் உரிமையைத்தான் கேட்கிறோம். நம்ம பயல் நன்றாக ஆடினால் நம்ம பயலை எடுக்கட்டும். அவன் ஆடினால் அவனை எடுக்கட்டும். ஜெயித்தால் கொடி இந்தியக் கொடிதானே?

"குடியுரிமை கொடுத்தால் இன்னும் வந்து குவிவார்களே?" என்பது அடுத்த கேள்வி. போர் முடிந்தது 2009-ல். கேட்பது புதிதாக வருகிறவர்களுக்கு அல்ல. இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்கு.

பெயர் மாறினால் போதுமா?

2021-ல் தமிழக அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. புது வீடுகளும் அறிவித்தது. பாராட்டலாம். ஆனால் குடியுரிமை கொடுக்க வேண்டியது டெல்லி.

டெல்லி 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தானில் இருந்து வந்தவர்கள் பெயர் இருக்கிறது. இலங்கை இல்லை. 2025-ல் பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனையில் இருந்து விலக்கு கொடுத்தார்கள். விலக்கு வேறு, உரிமை வேறு.

வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் மதுரை ஐகோர்ட்டுக்குப் போனார். 1987 ஜூலைக்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர் இந்தியரே என்பது சட்டம். 2022-ல் கோர்ட்டு உத்தரவு. பாஸ்போர்ட் கிடைத்தது. 2024-ல் திருச்சியில் ஓட்டும் போட்டார்!

ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள்? விளையாடும் வயதில் இருப்பவர்கள் எல்லாருமே அவர்கள்தான்.

ஆகவே மத்திய அரசு சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். இந்திய மண்ணில், முகாமில் பிறந்த பிள்ளை இந்தியப் பிள்ளை. நெல்லை எம்.பி. டெல்லியில் இதைக் கேட்க வேண்டும். கேட்கச் சொல்லி நாம் அவரைக் கேட்க வேண்டும்.

விளையாட்டு வீரனுக்குக் காலம் காத்திருக்காது. இருபது வயதுக் கால் நாற்பதில் எகிறாது!