காவலுக்கும் சோறு வேண்டும்

கிராமங்களில் தலையாரி என்று ஒருவர் இருந்தார். ராத்திரியில் கம்பும் லாந்தருமாகத் தெருவைச் சுற்றிவருவார். அதற்கு அவருக்கு மானிய நிலமோ, களத்தில் அளந்து கொடுக்கும் நெல்லோ உண்டு. காவல் வேண்டுமானால் காவல்காரருக்குச் சோறு போட்டாக வேண்டும் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. அவர் இடத்துக்கு இப்போது காமிரா வந்துவிட்டது. அதன் சோறு மின்சாரம். அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லைப் பகுதி வரதய்யபாளையம். 2022 வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். 2008-ல் பக்கத்தில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வந்தபின் ஷிப்ட் வேலை பெருகியது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போனால் வீட்டுக்குப் பூட்டுதான் துணை. ஆந்திர போலீஸ் கொண்டுவந்த ஒரு திட்டத்தில், வெளியூர் போகிறவர்கள் செல்போன் செயலியில் சொல்லிவிட்டால் போலீசாரே வந்து வீட்டுக்குள் காமிரா பொருத்தினார்கள். சொந்தமாகக் காமிரா வாங்கி மாட்டுகிறவர்களும் ஏராளம்.

ஆனால் ஊருக்குப் புறப்படும்போது நாம் என்ன செய்கிறோம்? காஸை மூடி, குழாயைப் பார்த்து, கடைசியாக மெயினை அணைத்துவிட்டுப் பூட்டுகிறோம். யாருமில்லாத வீட்டைக் காக்க வாங்கிய காமிரா, யாருமில்லாத நாளில்தான் பட்டினி கிடக்கிறது. நாம் அணைக்காவிட்டாலும் திருடன் அணைக்கலாம். பல வீடுகளில் மீட்டரும் ஃபியூஸ் கட்டையும் வெளிச்சுவரில், கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கின்றன.

இது பெரிய இடத்துக்கும் பொருந்தும். 2017 ஏப்ரலில் ஜெயலலிதாவின் கொடநாடு எஸ்டேட்டுக்குள் ஒரு கும்பல் புகுந்தது. காவலாளி ஒருவர் கொல்லப்பட்டார். அந்த இரவில் மின்சாரமும் காமிராக்களும் நின்றுபோனது எப்படி என்ற கேள்வியை அரசியல்வாதிகள் வருடக்கணக்கில் எழுப்பிக்கொண்டிருந்தார்கள்.

தீர்வு ஒன்றும் பெரிய செலவில்லை. நான்கு காமிரா சுமார் 20 வாட், பதிவுப் பெட்டி 15, இன்டர்நெட் ரூட்டர் 10. ஆக 45 வாட். ஒரு பழைய சீலிங் ஃபேன் இதைவிட அதிகம் இழுக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி இன்வெர்ட்டர் பேட்டரியில் பாதிதான் பயன்படும் என்று வைத்தாலும் 20 மணி நேரம் ஓடும். அதே பேட்டரியில் 200 வாட்டுக்கு ஃபேனும் விளக்கும் சேர்ந்தால் நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. எனவே காமிராவுக்குத் தனி லைன், தனி சுவிட்ச் போடச் சொல்லுங்கள். மற்றதையெல்லாம் அணைத்தாலும் இது ஓட வேண்டும். ரூட்டரை மறந்துவிடாதீர்கள், அது நின்றால் உங்கள் செல்போனுக்குச் செய்தி வராது.

பகலில் தெளிவாகத் தெரியும் படம் இரவில் விட்டுவிட்டு வருகிறதா? இருட்டில் பார்ப்பதற்கான அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது காமிரா கூடுதல் மின்சாரம் கேட்கும். மலிவான அடாப்டரும், நீளமான மெல்லிய ஒயரும் அதைத் தர முடியாமல் திணறுகின்றன. வடகிழக்குப் பருவமழையின் இடி மின்னல் வேறு. டி.வி.யைப் பிடுங்கி வைக்கலாம். காமிராவைப் பிடுங்க முடியாது. ஒழுங்கான எர்த்தும், மெயின் போர்டில் மின்னெழுச்சித் தடுப்பானும் இல்லாவிட்டால் மொட்டை மாடி ஒயர் வழியாக ஒரே இரவில் எல்லாம் கருகலாம்.

மின்சாரம் இருந்தும் பயனில்லாமல் போவதுண்டு. 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இறந்தார்கள். அங்கே விசாரிக்கச் சென்ற மாஜிஸ்திரேட், ஹார்ட் டிஸ்கில் போதிய இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அறிக்கையில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் காமிரா வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது காக்க வேண்டும் என்றது. மின்சாரம் இல்லாத இடத்தில் சூரிய சக்தியோ காற்றோ, எப்படியாவது அதைக் கொடுங்கள் என்றும் சொன்னது. காமிரா இருக்கிறது என்பது மட்டும் போதாது என்று நீதிபதிகளுக்கும் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கும் அதே நியாயம்தான். பதிவுப் பெட்டியை டி.வி. பக்கத்தில் வைத்தால் திருடன் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவான். பூட்டிய அலமாரியில், காற்றோட்டத்தோடு வையுங்கள். எத்தனை நாள் பதிவு தங்குகிறது என்று பாருங்கள். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். 2016-ல் ‘மிராய்’ என்ற கிருமி அப்படி மாற்றாத காமிராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகம் முழுக்கக் கைப்பற்றி, அவற்றை வைத்தே பெரிய இணையதளங்களை முடக்கியது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

இதையெல்லாம் சோதிக்க நிபுணர் வேண்டாம். இன்று இரவு வீட்டு மெயினை அணையுங்கள். தெருமுனைவரை நடந்துபோய் செல்போனில் உங்கள் வாசலைப் பாருங்கள். வாசல் தெரிந்தால் காவல் இருக்கிறது. தெரியாவிட்டால், சுவரில் இருப்பது திருஷ்டி பொம்மை.