கறுப்புக் கண்ணாடிக்குள் ஒரு ஃப்ளாட்

புதிதாக ஃப்ளாட் பார்க்கப் போகிறீர்களா? பெரிய பில்டர் என்றால் விற்பனை ஆபீஸில் காபி கொடுத்து, உங்கள் கண்ணில் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிடுவார்கள். அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டுக்குள் நீங்கள் நடப்பீர்கள். சோபா இருக்கும், திரைச்சீலை ஆடும், பால்கனியிலிருந்து பார்த்தால் சென்னையில் எங்குமே இல்லாத பச்சை தெரியும். கழற்றியதும் செக் எழுதத் தோன்றும். தோன்றத்தானே அந்தக் கண்ணாடி!

"எல்லாம் லேட்டஸ்ட் டிஜிட்டல் டெக்னாலஜி சார்" என்பார் டை கட்டிய தம்பி. சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, இந்தச் சுவருக்குள்ள தண்ணிக் குழாய் எந்தப் பக்கமா போகுது?" தம்பி மேனேஜரைக் கூப்பிடுவார். மேனேஜர், "சாவி குடுக்கும்போது எல்லாம் குடுத்துடுவோம்" என்பார். பிறகு ஆணி அடிக்கும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

என் குற்றச்சாட்டு இதுதான். நம் ஊர் அடுக்குமாடித் தொழிலில் கம்ப்யூட்டர் விற்கிற அறைக்குள் நுழைந்த வேகத்தில், கட்டுகிற இடத்துக்குள் நுழையவில்லை.

பி.ஐ.எம். என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. கட்டடத்தை மண்ணில் கட்டுவதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் ஒருமுறை கட்டிப் பார்ப்பது. வெறும் படம் இல்லை. ஒவ்வொரு தூணுக்கும் அளவு, கம்பி, கான்கிரீட் தரம் எல்லாம் அதில் பதிவாகலாம். ஒரு குழாய் போய் உத்தரத்தில் முட்டினால் அங்கேயே காட்டிக்கொடுக்கும். சிங்கப்பூரில் 2013 முதலே, பெரிய கட்டடங்களுக்கு அனுமதி கேட்க இந்த மாதிரிதான் போகவேண்டும் என்று விதி கொண்டுவந்துவிட்டார்கள். இந்தியாவிலும் மெட்ரோ ரயில் வேலைகளில் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் இருபது வருஷம் தவணை கட்டப்போகிற வீட்டுக்கு மட்டும் கறுப்புக் கண்ணாடி.

மௌலிவாக்கம் ஞாபகம் இருக்கிறதா? 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம். மழை. கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் போனார்கள். பெரும்பாலும் ஆந்திரா, ஒடிசா, நம் மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த கூலிக்காரர்கள். பக்கத்திலிருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

சாஃப்ட்வேர் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. மண்ணின் பலத்தைத் தப்பாகக் கொடுத்தால், எத்தனை லட்ச ரூபாய் சாஃப்ட்வேரும் அந்தத் தப்பையே கலர் படமாகத் திருப்பித் தரும். நான் கேட்பது வேறு. அங்கே ஃப்ளாட்டுக்குப் பணம் கட்டியவர்களில் எத்தனை பேர் மண் பரிசோதனை அறிக்கையைப் பார்த்திருப்பார்கள்? நீங்கள் பார்த்தீர்களா, உங்கள் கட்டடத்துக்கு?

பணக்கார ஊர்களும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டன. லண்டனில் கிரென்ஃபெல் டவர் 2017-ல் எரிந்து 72 பேர் இறந்தார்கள். அதன் பிறகு 2022-ல் சட்டம் போட்டார்கள்: உயரமான குடியிருப்பில் என்ன பொருள், எங்கே, யார் வைத்தது என்ற விவரமெல்லாம் கம்ப்யூட்டர் பதிவாக இருக்க வேண்டும், கட்டடம் உள்ளவரை.

"சின்ன பில்டருக்குக் கட்டுப்படியாகாதுங்க" என்பார்கள். சரி, சாஃப்ட்வேர் வேண்டாம். மேஸ்திரி பையில் செல்போன் இருக்கிறதே! கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு தூணுக்கும் டேப் வைத்து ஒரு போட்டோ. கொட்டிவிட்டால் உள்ளே எத்தனை கம்பி என்பது கொட்டியவனுக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம். அப்புறம் கியூப் டெஸ்ட்: கான்கிரீட்டைச் சின்னக் கட்டியாக வார்த்து, 28 நாள் கழித்து நசுக்கிப் பார்ப்பது. 'கலவை இறங்கலை' என்று இரண்டு குடம் தண்ணீர் சேர்த்தால் பலம் குறையும், கியூபில் தெரிந்துவிடும். (தண்ணீர் சேர்ப்பதற்கு முன்பே கியூப் எடுத்துவிடுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. அதனால்தான் தேதி, நேரத்தோடு போட்டோ கேட்கிறேன்.) இதற்கெல்லாம் என்ன செலவு? செலவு இல்லை, சங்கடம்தான். எழுதி வைத்தால் பிறகு மாட்டிக்கொள்வோமே!

முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுகிற மெஷின்கூட சைட் வாசலுக்கு வந்துவிட்டது. சித்தாள் பத்து நிமிஷம் லேட்டாக வந்தால் தெரிகிறது. தூணில் இரண்டு கம்பி குறைந்தால் தெரிவதில்லை.

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்பில் குறை சொன்னால், பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். முடிவுச் சான்றிதழ் வாங்கிய முப்பது நாளில் ஆவணங்களையும் வரைபடங்களையும் குடியிருப்போர் சங்கத்திடம் கொடுக்கவும் வேண்டும். அந்த ஆவணங்களில் தூண் போட்டோவும், கியூப் ரிசல்ட்டும், கட்டி முடித்தபடி வரைந்த படமும் உண்டு என்று விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும். குறையை நிரூபிக்க நீங்கள் சுவரை உடைக்க வேண்டாம்.

அதுவரைக்கும், ஏற்கெனவே சட்டத்தில் இருப்பதையாவது கேளுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் கார் பார்க்கிங் சண்டை ஓய்ந்ததும் செயலாளரிடம், "சார், நம்ம பில்டிங் பிளான் எந்த பீரோவுல இருக்கு?"